அழுத்திச் சொன்ன சொல்

"நான் உனக்குப் பணம் தருகிறேன் என்று சொன்னேனா?"

இந்த வாக்கியத்தைச் சற்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'நான்' என்ற இடத்தில் குரலை அழுத்தினால், வாக்குக் கொடுத்தவர் வேறு யாரோ என்று ஆகிறது. 'உனக்கு' என்பதில் அழுத்தினால், பணம் வேறு ஒருவருக்குப் போகவேண்டியது. 'பணம்' என்பதில் அழுத்தினால், கொடுப்பதாகச் சொன்னது நெல்லாக இருக்கலாம், வேஷ்டியாக இருக்கலாம். 'சொன்னேனா' என்பதில் அழுத்திவிட்டாலோ, எதிரே நிற்கிற ஆசாமி பொய்யன் என்றே அர்த்தம்! சொற்கள் ஆறும் இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்கின்றன. பொருள் மட்டும் நாலு திசைக்கும் ஓடுகிறது.

காகிதத்தில் எழுதிவிட்டால் இந்த நாலு பேச்சும் ஒரே பேச்சாகிவிடும். கதை எழுதுகிறவனுக்கு இது அன்றாடத் தொல்லை. 'உறுமினான்', 'ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்' என்றெல்லாம் பக்கவாத்தியம் வைத்துத்தான் குரலை எழுத்துக்குள் கொண்டுவர வேண்டியிருக்கிறது. உலகத்தில் எழுதத் தெரிந்த மக்கள் எல்லாருமே ஏதோ ஒரு காலத்தில் இந்தத் தொல்லைக்குப் பரிகாரம் தேடியிருக்கிறார்கள். அந்தத் தேடலின் சரித்திரம் சுவையானது. அதில் ஒரே சிக்கல் திரும்பத் திரும்ப வருகிறது. அழுத்தம் எழுதியவனுடையது, ஆனால் அதற்கு உருவம் கொடுப்பவர் எப்போதுமே இன்னொருவர். முதலாமவர் நினைத்தது இரண்டாமவர் கை வழியாகப் படிக்கிறவரை எட்டுகிறதா என்பதுதான் கேள்வி.

முதலில் வந்தது சிவப்பு மை. பழைய எகிப்தியரின் பப்பைரஸ் சுருள்களிலேயே தலைப்புகளையும் புதிய பகுதிகளின் தொடக்கத்தையும் சிவப்பில் எழுதியிருக்கிறார்கள். இடைக்கால ஐரோப்பாவின் மடாலயங்களில் இது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. ஒருவர் கறுப்பு மையில் பக்கம் பக்கமாகப் பிரதி எடுப்பார். சிவப்பு வரவேண்டிய இடங்களை வெறுமையாக விட்டுக்கொண்டே போவார். பிறகு வேறொருவர் சிவப்பு மைக்கிண்ணத்தோடு உட்கார்ந்து அந்த வெற்றிடங்களை நிரப்புவார். சில ஏடுகளில் இரண்டாமவர் வந்து சேரவே இல்லை. வெற்றிடம் இன்றுவரை வெற்றிடமாகவே இருக்கிறது.

1455-ஐ ஒட்டி ஜெர்மனியில் கூட்டன்பர்க் தமது பைபிளை அச்சிட்டபோது, ஆரம்பப் பக்கங்கள் சிலவற்றில் சிவப்பு வரிகளையும் அச்சிலேயே கொண்டுவரப் பார்த்தார். ஒரே தாளை இரண்டு முறை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்; இரட்டை வேலை. சீக்கிரமே அதைக் கைவிட்டுவிட்டு, சிவப்பைப் பழையபடி கையால் எழுதுகிறவர்களிடமே விட்டார். ஆனால் அவர் செய்த ஒரு காரியத்தைக் கவனிக்கவேண்டும். எந்தெந்த இடத்தில் என்னென்ன சிவப்பில் எழுதவேண்டும் என்று ஒரு தனிப் பட்டியல் அச்சிட்டுக் கொடுத்தார். இந்தப் பட்டியலை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்தரை நூற்றாண்டுக்குப் பிறகு நாம் இதை மறுபடியும் சந்திக்கப்போகிறோம்.

அடுத்து வந்தது சாய்ந்த எழுத்து. வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனூஷியஸ் என்ற பதிப்பாளர் இருந்தார். கையில் அடங்கும் சிறிய புத்தகங்கள் போடவேண்டும் என்பது அவர் ஆசை. அக்காலத்துப் பண்டிதர்கள் வேகமாக எழுதும் கையெழுத்தைப் பார்த்து, பிரான்சிஸ்கோ கிரிஃபோ என்ற அச்செழுத்துக் கலைஞர் அவருக்காகச் சாய்ந்த எழுத்துகளை வெட்டிக் கொடுத்தார். 1501-இல் ரோமானியக் கவி வர்ஜிலின் நூல் முழுக்க முழுக்க அந்த எழுத்திலேயே வெளிவந்தது. இத்தாலியில் பிறந்ததால் அதற்கு 'இட்டாலிக்' என்று பெயர்.

முழுப் புத்தகமும் சாய்ந்திருந்தால் அதில் அழுத்தம் ஏது? ஆல்டஸ் அழுத்தத்துக்காக அதை உண்டாக்கவே இல்லை. அது படிப்பதற்கான ஒரு தனி எழுத்து, அவ்வளவுதான். பின்னால் வந்த அச்சுக்கூடத்தார்தான் நேர் எழுத்துகளின் நடுவே நாலைந்து சாய்ந்த எழுத்துகளைச் செருகி, 'இந்தச் சொல் வேறு' என்று காட்டப் பழகினார்கள். வேறு என்றால் எப்படி வேறு? அயல்மொழிச் சொல்லா, புத்தகத்தின் பெயரா, குரலை உயர்த்திச் சொன்னதா? மூன்றுக்கும் ஒரே சாய்வு! குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது.

அந்தக் குழப்பத்தின் உச்சத்தை ஆங்கில பைபிளில் பார்க்கலாம். மூலமொழியில் இல்லாத ஒரு சொல்லை, வாக்கியம் நிறைவுபெறுவதற்காக மொழிபெயர்ப்பாளர் சேர்க்க நேரும் அல்லவா? அப்படிச் சேர்த்த சொல்லை நாணயமாக வேறுபடுத்திக் காட்டினார்கள். 1560-இல் வந்த ஜெனீவா பைபிளில் அதற்குச் சாய்வெழுத்து. 1611-இல் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் வந்த பைபிள் கனத்த பழைய கறுப்பு எழுத்தில் அச்சானது. சேர்த்த சொற்கள் மட்டும் சிறிய ரோமன் எழுத்தில் நின்றன. பிந்திய பதிப்புகள் நேர் எழுத்துக்கு மாறியபோது அவை சாய்வெழுத்தாயின. ஆக, அங்கே சாய்வெழுத்து என்றால் 'இது மூலத்தில் இல்லை, நாங்கள் போட்டது' என்று பொருள். கிட்டத்தட்ட அடக்கி வாசிக்க வேண்டிய சொல். ஆனால் பொது வழக்கத்தில் சாய்வெழுத்து அழுத்தத்துக்கு அடையாளமாகிவிட்டபடியால், படிக்கிறவர் அதையே ஓங்கி வாசிக்கிறார்.

'ராஜாக்கள்' என்ற ஆகமத்தில் ஒரு கட்டம். ஒரு கிழவர் தம் பிள்ளைகளிடம், கழுதைக்குச் சேணம் கட்டுங்கள் என்கிறார்; அவர்கள் கட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் அந்தக் கழுதையைக் குறித்து நிற்கும் 'அவன்' என்ற சிறு சொல், மொழிபெயர்த்தவர்கள் சேர்த்தது, ஆகவே சாய்வெழுத்து. அதை அழுத்தி வாசித்தால் என்ன ஆகும்? பிள்ளைகள் கழுதையை விட்டுவிட்டு அப்பாவுக்கே சேணம் கட்டிவிட்டார்கள்! இங்கிலாந்தில் இது ஒரு பழைய வேடிக்கை. வேடிக்கைதான், ஆனால் எழுதியவரின் குறி ஒன்று, படிப்பவரின் காது ஒன்று என்று ஆகிவிட்டால் வேதவாக்கியமே தலைகீழாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சாய்வு எல்லா மொழிக்கும் சொந்தமுமில்லை. பழைய ஜெர்மன் அச்செழுத்தில் சாய்ந்த வடிவமே கிடையாது. அவர்கள் ஒரு சொல்லை அழுத்த வேண்டுமானால் எழுத்துகளுக்கு இடையே இடைவெளி விட்டு அகட்டிப் போடுவார்கள். ஜப்பானியர் ஒவ்வொரு எழுத்தின் பக்கத்திலும் ஒரு புள்ளி வைப்பார்கள். நம் தமிழில் அழுத்தத்தை மொழியே தன் உடம்பில் சுமக்கிறது. 'அவன் வந்தான்' என்பதோடு ஓர் ஏகாரம் சேர்த்து 'அவனே வந்தான்' என்றால் போதும். தேற்றமும் பிரிநிலையும் ஏகாரத்தின் பொருள்கள் என்று தொல்காப்பியரே சொல்லிவைத்தார். இன்று நாம் காணும் தமிழ்ச் சாய்வெழுத்தோ பெரும்பாலும் நேர் எழுத்தைப் பிடித்து ஒரு பக்கமாகத் தள்ளியதுதான்.

தடித்த எழுத்துக்கு வயது இன்னும் குறைவு. 1845-இல் லண்டனில் ராபர்ட் பெஸ்லி என்பவரின் எழுத்து வார்ப்படச் சாலையிலிருந்து 'கிளாரண்டன்' என்ற எழுத்து வெளிவந்தது; வெட்டியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். கனத்த எழுத்துகள் அதற்கு முன்பும் விளம்பரச் சுவரொட்டிகளில் இருந்தன. சாதாரண எழுத்தோடு ஒரே வரியில் அளவு பொருந்தி உட்காரும் தடித்த எழுத்து என்பதே கிளாரண்டனின் புதுமை. அகராதியில் தேடுகிற சொல் சட்டென்று கண்ணில் படவேண்டுமே, அதற்கு இது வரப்பிரசாதம். பெஸ்லி சட்டப்படி பதிவு செய்து மூன்று ஆண்டு உரிமை பெற்றார். மூன்றாண்டு முடிந்ததும் மற்ற வார்ப்படக்காரர்கள் எல்லாரும் நகல் எடுத்துக்கொண்டார்கள்.

இப்படி அச்சுக்கூடத்தில் சாய்வு, தடிப்பு, பெரிய எழுத்து என்று ஆயுதங்கள் சேர்ந்தன. எழுதுகிறவனிடம் இருந்ததோ ஒரே பேனா. ஆகவே இருவருக்கும் இடையில் ஒரு சங்கேத மொழி உண்டாயிற்று. ஆங்கிலக் கைப்பிரதியில் ஒரு சொல்லின் கீழே ஒரு கோடு போட்டால் சாய்வெழுத்து; இரண்டு கோடு போட்டால் சிறிய தலைப்பெழுத்து; மூன்று போட்டால் பெரிய தலைப்பெழுத்து; நெளிகோடு போட்டால் தடித்த எழுத்து. கோடு என்பது அச்சில் வரவேண்டிய உருவம் அல்ல. அச்சுக் கோப்பவருக்கு எழுத்தாளன் சொல்லும் ரகசியம், அவ்வளவே. புத்தகத்தில் கோடு மறைந்து சாய்வு நிற்கும்.

பிறகு தட்டச்சு இயந்திரம் வந்தது. 1874-இல் ரெமிங்டன் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் இயந்திரத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. சாய்வு ஏது, தடிப்பு ஏது? அடித்த சொல்லுக்குப் பின்னே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அடிக்கோடு போடலாம். அச்சுக்கே போகாத கடிதங்களிலும் ஆபீஸ் காகிதங்களிலும் அந்தக் கோடு அப்படியே தங்கிவிட்டது. கட்டளையாக இருந்தது காலப்போக்கில் அலங்காரமாகிவிட்டது. அடிக்கோடிட்ட தலைப்பு என்றால் நமக்கு ஒரு மரியாதை தோன்றுகிறதே, அந்த மரியாதைக்குப் பெரும்பங்கு காரணம் தட்டச்சு இயந்திரத்தின் ஏழ்மைதான்!

கணிப்பொறி வந்தபோது ஏழ்மை இன்னும் கூடியது. 1963-இல் அமெரிக்கர்கள் வகுத்த 'ஆஸ்கி' என்ற எழுத்துப் பட்டியலில் மொத்தம் 128 இடங்கள். அவற்றில் எழுத்து உண்டு, எண் உண்டு, நிறுத்தக்குறி உண்டு. சாய்வுக்கோ தடிப்புக்கோ இடமே இல்லை. ஒரு சொல்லுக்கு அடியில் கோடு போடவும் திரையில் வழியில்லை. மின்னஞ்சலில் கடிதம் எழுதத் தொடங்கியவர்கள் ஓர் உபாயம் செய்தார்கள். அழுத்த வேண்டிய சொல்லின் இருபுறமும் நட்சத்திரக் குறி போட்டார்கள்: *இப்படி*. சிலர் இருபுறமும் அடிக்கோட்டுக் குறி போட்டார்கள்: _இப்படி_. படித்தவர்களுக்கு அது உடனே புரிந்தது. பழைய கைப்பிரதிக் கோடு வேறு வேஷத்தில் திரும்பி வந்துவிட்டது.

அதே காலத்தில் அறிஞர்கள் சிலர் வேறொரு வழியில் யோசித்தார்கள். 1969-இல் ஐ.பி.எம். கம்பெனியில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி என்ற மூவர், எழுத்தில் இடும் குறி 'இது எப்படித் தெரியவேண்டும்' என்று சொல்லக்கூடாது, 'இது என்ன' என்றே சொல்லவேண்டும் என்ற கருத்தில் ஒரு முறை வகுத்தார்கள். டொனால்ட் நூத் என்ற கணித மேதை தமது புத்தகத்தின் மறுபதிப்புப் புரூப் அழகில்லாமல் வந்ததைக் கண்டு மனம் வெறுத்து, 1977-இல் 'டெக்' என்ற அச்சுக்கோப்பு நிரலை எழுதப் புகுந்தார். அதன் மேல் 1980-களில் லெஸ்லி லாம்போர்ட் 'லேடெக்ஸ்' என்பதைக் கட்டினார். அதில் 'அழுத்து' என்றே ஒரு கட்டளை உண்டு. நேர் எழுத்துகளின் நடுவே அது சொல்லைச் சாய்த்துக் காட்டும். சுற்றிலும் சாய்வெழுத்தாக இருந்தாலோ, அந்தச் சொல்லை மட்டும் நிமிர்த்திவிடும்! எழுதுகிறவன் கேட்பது சாய்வை அல்ல, வேறுபாட்டை என்று அந்த நிரலுக்குத் தெரிந்திருக்கிறது.

இனி ஸ்லைடுக்கு வருவோம். ஒளியால் சுவரில் படம் காட்டும் மாயவிளக்கை 1659 வாக்கில் ஹாலந்தின் ஹைகன்ஸ் செய்தார். கண்ணாடி ஸ்லைடு, பிளாஸ்டிக் தாள் என்று அது பல அவதாரம் எடுத்து, 1987-இல் பவர்பாயிண்ட் என்ற நிரலாகக் கணிப்பொறிக்குள் புகுந்தது. 2003-ஆம் ஆண்டில் நம் கதைக்கு வேண்டிய இரண்டு காரியங்கள் நடந்தன. ஆம்ஸ்டர்டாமில் கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியல் அறிஞர், தம் குறிப்புகளை ஒழுங்குபடுத்திக்கொள்ள 'ஆர்க் மோட்' என்ற நிரலை எழுதினார். ஜெர்மனியில் டில் டான்டாவ் என்ற கணினி அறிஞர், டாக்டர் பட்டத்துக்கான தமது ஆய்வுரையைச் சபையில் எடுத்துச் சொல்வதற்காக லேடெக்ஸின் மேல் 'பீமர்' என்ற ஸ்லைடு முறையை உண்டாக்கினார். படம் காட்டும் கருவிக்கு ஜெர்மானியர் வைத்த பெயர்தான் பீமர்.

ஆர்க் குறிப்பு என்பது வெறும் எழுத்துக் கோப்பு. அலங்காரம் எதுவும் கிடையாது. நட்சத்திரங்களுக்குள் போட்டால் தடிப்பு, சாய்கோடுகளுக்குள் போட்டால் சாய்வு, அடிக்கோட்டுக் குறிகளுக்குள் போட்டால் அடிக்கோடு. மின்னஞ்சல்காரர்களின் பழைய உபாயம் இங்கே சட்டமாகிவிட்டது. 2004-இல் ஜான் க்ரூபர் வெளியிட்ட 'மார்க்டவுன்' முறையில் அதே ஒற்றை நட்சத்திரம் பொதுவாகச் சாய்வாகவும், இரட்டை நட்சத்திரம் தடிப்பாகவும் தெரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊருக்கு ஊர் மரக்கால் வேறு!

ஆர்க் குறிப்பைக் காகிதத்துக்காக எக்ஸ்போர்ட் செய்தால் நட்சத்திரமிட்ட சொல் தடித்து வருகிறது. அதே குறிப்பை பீமர் ஸ்லைடாக எக்ஸ்போர்ட் செய்தால் அந்தச் சொல் தடிப்பதில்லை. 'உஷார்' என்று பொருள்படும் ஒரு கட்டளையாக மாறுகிறது. வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் பீமர் அதைச் சிவப்பாகக் காட்டுகிறது. மடாலயத்துச் சிவப்பு மை எத்தனை நூற்றாண்டு சுற்றிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது பாருங்கள்! இங்கேயும் கறுப்பில் எழுதியவர் ஒருவர், சிவப்பிட்டவர் வேறொருவர்.

இது தவறு என்று நான் சொல்லமாட்டேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சாய்ந்த எழுத்தின் நுட்பம் தெரியாது, நிறம் தெரியும். ஆனால் நிறமும் எல்லாருக்கும் தெரியும் என்று சொல்வதற்கில்லை. ஐரோப்பிய வம்சாவழி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் குறை உண்டு. ஸ்லைடுகளைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுக் கொடுத்தாலோ சிவப்பு வெறும் சாம்பல் நிறமாகிவிடுகிறது. ஓங்கிச் சொன்ன சொல் முணுமுணுப்பாகிறது. 'இந்த மருந்தைக் *கொடுக்கக்கூடாது*' என்று ஒரு டாக்டர் ஸ்லைடில் காட்டியிருந்தால், அந்த அழுத்தம் கையில் கிடைத்த தாளில் இருக்கிறதா இல்லையா என்பது வேடிக்கை விஷயமா?

இதை மாற்றிக்கொள்ள மூன்று வழிகள் இருக்கின்றன. பீமரின் பக்கத்தில், 'உஷார் என்றால் சிவப்பு மட்டும் போதாது, தடித்தும் வரட்டும். நிறம் நீலமாகட்டும்' என்று கோப்பின் தலையில் ஓரிரு வரி எழுதிவிடலாம். அல்லது எக்ஸ்போர்ட் நடக்கும் வாசலில் ஒரு வடிகட்டி வைத்து, நட்சத்திரத்தை உஷார் ஆக்காமல் தடித்த எழுத்தாகவே ஆக்கு என்று உத்தரவிடலாம். அல்லது குறிப்பிலேயே அந்தந்த இடத்தில் பீமரின் கட்டளையைக் கையால் எழுதிவிடலாம்.

ஆர்க் மோடில் எந்தக் குறிக்கு லேடெக்ஸில் எந்தக் கட்டளை என்று ஒரு பட்டியல் உண்டு. கூட்டன்பர்க்கின் பட்டியலுக்குப் பேரன் என்றே சொல்லலாம். ஆனால் பீமருக்குப் போகும்போது நட்சத்திரத்துக்கு மட்டும் தனி விதி. பட்டியலைத் திருத்திவிட்டு ஸ்லைடில் ஒன்றும் மாறவில்லையே என்று திகைப்பவர்களுக்கு விடை இதுதான்.

மூன்றில் எது நல்லது? மூன்றாவது வழியை நான் விரும்பமாட்டேன். அது குறிப்பை ஸ்லைடுக்கே அடிமையாக்கிவிடுகிறது. நாளைக்கு அதே குறிப்பைக் காகிதத்துக்கு அனுப்பினால், லேடெக்ஸ் அந்தக் கட்டளையைத் தெரியாது என்று முகம் திருப்பிக்கொள்ளும். நட்சத்திரத்துக்கு 'இது முக்கியம்' என்பதே பொருளானால் முதல் வழி சிறந்தது: அழுத்தம் குறிப்பில் இருக்கட்டும், உருவம் ஸ்லைடில் இருக்கட்டும். புதிய கலைச்சொல்லைக் காட்டுவதற்கும் நட்சத்திரம், எச்சரிக்கைக்கும் நட்சத்திரம் என்று ஒரே குறிக்கு இரண்டு வேலை கொடுத்தால் எந்த வழியும் காப்பாற்றாது. சேணம் மறுபடி அப்பாவின் முதுகில்தான்!

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு தனிச் சங்கடமும் இருக்கிறது. ஆர்க் மோடில் அழுத்தக் குறி சொல்லின் ஓரத்தில்தான் நிற்கலாம். சொல்லின் நடுவில் வைத்தால் அதைக் குறியாகவே எடுத்துக்கொள்ளாது. நம் மொழியிலோ வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் பெயரோடு ஒட்டிக்கொண்டே வருகின்றன. 'அவனுக்குக்கூட' என்பதில் 'கூட' என்ற பகுதியை மட்டும் அழுத்த விரும்பினால் இடையில் ஒரு பிளவு வேண்டும். அதற்கு அகலமே இல்லாத ஓர் இடைவெளி எழுத்து இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, இயந்திரத்துக்கு மட்டும் தெரியும். அதைச் செருகினால் காரியம் நடந்துவிடும். ஒன்றுமில்லாத ஓர் எழுத்தின் தயவில் ஒரு சொல் நிமிர்ந்து நிற்கிறது!

பீமரின் இன்னொரு வித்தை எனக்கு மிகவும் பிடிக்கிறது. உஷார்க் கட்டளையோடு ஓர் எண் சேர்த்துவிட்டால், அந்தச் சொல் முதலில் சாதாரணமாக இருக்கும். பேசுகிறவர் பொத்தானை அழுத்தும்போதுதான் சிவக்கும். வாக்கியத்தில் எந்தச் சொல்லுக்கு எப்போது குரல் உயரவேண்டும் என்பதைப் பேசுகிறவரே அந்தக் கணத்தில் நடத்துகிறார். ஆரம்பத்தில் பார்த்த ஆறு சொல் வாக்கியத்தைப் பீமரில் போட்டால், நாலு முறை நாலு சொல்லைச் சிவக்கவைத்து நாலு பொருளையும் காட்டிவிடலாம். எகிப்திய எழுத்தருக்கோ ஆல்டஸுக்கோ பெஸ்லிக்கோ கிடைக்காத சௌகரியம் இது.

இவ்வளவு சௌகரியம் இருக்கிறதே என்று பக்கம் முழுவதும் நட்சத்திரம் தூவுகிறவர்களும் உண்டு. ஆல்டஸின் வர்ஜிலில் எல்லாம் சாய்ந்திருந்ததால் எதுவும் அழுத்தமாகவில்லை என்பதை அவர்கள் நினைத்துக்கொள்ளவேண்டும். ஒரு ஸ்லைடுக்கு ஒரு சொல் சிவந்தால் சபை அதைப் பார்க்கும். பத்துச் சொல் சிவந்தால் மிஞ்சியிருக்கும் கறுப்புச் சொல்லைத்தான் பார்க்கும். உருவத்தை நிரல்கள் பார்த்துக்கொள்ளும். எந்தச் சொல்லை அழுத்துவது என்பதை மட்டும் எழுதுகிறவன்தான் தீர்மானிக்கவேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்க எந்த நிரலும் இதுவரை பிறக்கவில்லை.